அம்மாவாசை எடுத்த மூன்று நாள் லீவு

புதுச்சேரியில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கட்டடம் ஒன்றில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, மொழிச் சீராக்க இயக்ககம் என்று ஒரு ஆபீஸ் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு இயக்குநர், ஒரு பயிற்றுநர், ஒரு தலைமை எழுத்தர், ஒன்பது எழுத்தர்கள், ஒரு அட்டெண்டர் என்று செழிப்பாகவே இருந்தது. பிரெஞ்சில் கிடந்த பழைய காகிதங்களை இங்கிலீஷுக்கு மாற்றுவதற்காக அதை ஏற்படுத்தினார்கள். எப்படி மாற்றுவது என்று சுற்றறிக்கை தயாராவதற்குள் காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. அதற்காக ஆபீஸை மூடிவிட முடியுமா? காகிதம் போனால் போகிறது, அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஆட்கள் மிச்சமிருக்கிறார்களே, அவர்களை இங்கிலீஷுக்கு மாற்றுவோம் என்று இயக்குநர் கிருஷ்ணசாமி முடிவு செய்தார்.

அப்படி வந்ததுதான் மாதம் ஒரு வினைச்சொல் திட்டம். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் ஒன்றாம் தேதி ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லை எழுதுவார்கள். அந்த மாதம் முழுக்க யார் எதற்கு மனுப் போட்டாலும் சொந்தக் கையெழுத்தில், இங்கிலீஷில், அந்த வினைச்சொல்லை வைத்துத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மனு செல்லாது. 1977 ஏப்ரலில் 'கோ' என்ற சொல் வந்தது. சாக்பீஸ் கேட்டு எழுதிய எழுத்தர், பழைய சாக்பீஸ் எங்கே போயிற்று என்பதைச் சொல்லித்தான் புதிய சாக்பீஸ் கேட்க வேண்டியிருந்தது. மே மாதம் 'கெட்', ஜூன் மாதம் 'கிவ்'. ஜூலையில் 'டேக்'.

இதற்கென்று பாடப்புத்தகம் சிங்கப்பூரிலிருந்து மரப்பெட்டியில் வந்திறங்கியது. பெட்டியை உடைத்தால், அது சீனர்கள் இங்கிலீஷ் கற்றுக்கொள்வதற்காக அச்சடித்த புத்தகம். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் சீனம். மொத்தம் இருநூறு பிரதி. திருப்பி அனுப்புவதென்றால் தப்பு நடந்துவிட்டது என்று எழுத வேண்டும். அந்த ஆபீஸில் தப்பு நடந்ததாக இதுவரை ஒருவரும் எழுதியதில்லை. பயிற்றுநர் சக்கரபாணி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சீனாக்காரனுக்கே புரியற மாதிரி எழுதியிருக்கான். நமக்குப் புரியாமப் போயிடுமா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அந்த வருஷப் பரீட்சையில் எழுத்தர்கள் இங்கிலீஷ் சொல்லுக்கு எதிரே சீன எழுத்தைப் பார்த்து வரைந்து வைத்தார்கள். அழகாக வரைந்தவர்களுக்குக் கூடுதல் மார்க் விழுந்தது.

'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அந்தப் புத்தகத்தில் நாற்பத்தொரு அர்த்தம் போட்டிருந்தது.

நம்முடைய ஆள் அம்மாவாசை அந்த ஆபீஸின் அட்டெண்டர். பதினாறு வருஷமாகத் தற்காலிக அட்டெண்டர். அவர் பெயருக்கு நேரே 'தற்காலிகம்' என்று எழுதிய மை மங்கிப்போய், அதன் மேலேயே இரண்டு தரம் திருப்பி எழுதியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் செர்த்திஃபிகா பாஸ் பண்ணியவர். அதாவது ஐந்தாம் வகுப்பு. ஃபைல் தூக்குவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, மணி அடித்தால் உள்ளே போவது, இவை அவருடைய வேலைகள். கரும்பலகையில் வினைச்சொல் எழுதுவதும் அவர்தான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால்.

அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு வயிற்றில் கட்டி. கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் பார்த்து, ஜூலை பதிமூன்று புதன்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். புருஷன் கூட இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், ரத்தம் தேவைப்பட்டாலும் படலாம் என்றார்கள். முத்தியால்பேட்டை வீட்டில் அடுப்பை ஊதிக்கொண்டே அஞ்சலாட்சி கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"மூணு நாளு லீவு கேளுங்க, போதும். நாலாம் நாளு எங்க சின்னம்மா பொண்ணு வந்துடுவா."

"கேக்கறேன்டி."

"கேக்கறேன் கேக்கறேன்னு சொல்லிட்டு கேக்காம வந்து நிப்பீங்க. ஒங்கள எனக்குத் தெரியாது? ஆறு தரம் பர்மனெண்டு கேட்டு எழுதிக் குடுத்தீங்களே, ஒரு தரமாவது வாயத் தொறந்து என்னா ஆச்சின்னு கேட்டிருப்பீங்களா?"

"இந்தத் தரம் கேக்கறேன். இங்கிலீஷ்லயே கேக்கறேன்."

பதினோராம் தேதி திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவாசை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். லீவுக்கு அவர் மனசுக்குள் இருந்த சொல் 'கொஞ்ஜே'. பிரெஞ்சுக்காரன் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் லீவு என்றால் கொஞ்ஜேதான். முசே என்கிற பெரிய துரைகள் பேசிக்கொள்ளும்போது குனிந்து, 'உங்களிடமிருந்து கொஞ்ஜே எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்வதை அவர் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். லீவு கேட்பதில் அதுதான் உயர்ந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது லீவு கேட்கிற பேச்சில்லை, விடைபெறுகிற பேச்சு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எடுப்பதற்கு 'டேக்', கொஞ்ஜேக்கு 'லீவ்', உங்களிடமிருந்து என்பதற்கு 'ஆஃப் யூ'. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்து, முத்து முத்தாக எழுதினார்: "சார், ஐ டேக் லீவ் ஆஃப் யூ." அதன் கீழே மனைவிக்கு ஆபரேஷன் என்று ஒரு வரி, தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும் என்று ஒரு வரி.

சக்கரபாணியிடம் காட்டினார். சக்கரபாணிக்கு வாயெல்லாம் பல்.

"கிராமர் சுத்தம்யா! இந்த 'ஆஃப்' எங்கேருந்து கத்துக்கிட்டே?"

"தானா வந்துதுங்க."

பச்சை மையில் ஒரு டிக் அடித்து, இயக்குநர் மேசைக்கு அனுப்பிவைத்தார். கிருஷ்ணசாமி அதை இரண்டு தரம் படித்தார். புத்தகத்தைப் புரட்டினார். இருபத்துமூன்றாவது அர்த்தம், விடைபெறுதல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பண்பாக ஒருவரும் வேலையை விட்டதில்லை என்று உருகினார். 'அக்செப்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமை எழுத்தர் சந்திரகலா தாளைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"சார், அவரு லீவு கேக்கறாருன்னு நெனைக்கறேன். சம்சாரத்துக்கு ஆபரேஷன்."

"நினைக்கிறதுக்கெல்லாம் நம்ம ஆபீஸ்ல இடம் கிடையாதும்மா. வெறும் 'டேக் லீவ்'னா லீவு. பின்னால 'ஆஃப்' போட்டா விடைபெறுதல். சம்சாரத்துக்கு முடியலை, பக்கத்துல இருந்து பாத்துக்கணும்னு வேலையையே விடறார். எவ்வளவு பெரிய மனசு!"

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலில் நாற்காலிகள் போட்டார்கள். அதை வழக்கம்போல அம்மாவாசைதான் போட்டார். போட்டு முடித்ததும் அவரையே நடு நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் ரோஜா மாலை போட்டபோது திருதிருவென்று விழித்தார். 'டேக்' என்ற சொல்லைச் சரியாகப் போட்டு லீவு கேட்ட முதல் ஆள் என்பதால் மரியாதை செய்கிறார்கள் போல என்று எண்ணிக்கொண்டார். லட்டும் மிக்சரும் வந்தன. இயக்குநர் எழுந்து பேசினார்.

"அம்மாவாசை பதினாறு வருஷம் தற்காலிகமாவே இருந்தார். நிரந்தரமாகணும்னு ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. ஆறு தரம் மனுக் கொடுத்தார்தான். ஆறு தரமும் நான் அதைப் பிரிக்காமலேயே வெச்சிருந்தேன். பிரிச்சா முடிவெடுக்கணும், முடிவெடுத்தா ஒருத்தர் மனசு கஷ்டப்படும். ஊழியர் மனசு கஷ்டப்படக்கூடாதுங்கிறதுதான் இந்த நிர்வாகத்தோட கொள்கை."

கைதட்டினார்கள். அடுத்து சக்கரபாணி.

"என் வகுப்புல எத்தனையோ பேர் தேறியிருக்காங்க. ஆனா படிச்சதை வாழ்க்கையில பயன்படுத்தினவர் இவர் ஒருத்தர்தான். அதனாலதான் இன்னிக்கு நம்மளை விட்டுப் போறார்."

அம்மாவாசையையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து கைகூப்பி, "மூணு நாளுக்குப் போயி இத்தினி பண்றீங்களேய்யா" என்றார். கிருஷ்ணசாமி பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, வாழ்க்கையே மூணு நாள்தான்ங்கறார். எவ்வளவு பெரிய தத்துவம்!" என்றார். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். சந்திரகலா மட்டும் தலையைக் குனிந்தபடி மிக்சரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

மாலையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அஞ்சலாட்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலித்தது.

"லீவு கேட்டதுக்கா மால போட்டானுங்க? ஒங்க ஆபீஸ்ல ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாருக்கும் மண்டையில ஆபரேஷன் பண்ணணும்."

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. அம்மாவாசை கையெழுத்துப் போட்டார். ரத்தம் கொடுத்தார். மூன்று நாளும் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். அஞ்சலாட்சி கண்ணைத் திறக்கிறபோதெல்லாம் எதிரே அவர் முகம் இருந்தது. அவளுக்கு அது பெரிய தெம்பு. பிழைத்துக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால், அவருடைய ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். வடிவேல் என்று பெயர். வெள்ளிக்கிழமை சேர்ந்த புதுத் தற்காலிக அட்டெண்டர். அம்மாவாசையைக் கண்டதும் மரியாதையாக எழுந்து, "நீங்கதான் போனவருங்களா?" என்று கேட்டார்.

உள்ளே போனார்.

"வந்துட்டேன்ங்கய்யா."

"எங்கய்யா வந்தே?" என்றார் இயக்குநர்.

"டூட்டிக்குங்க."

"நீதான் டேக் பண்ணிட்டுப் போயிட்டியே?"

"மூணு நாளுதாங்க எடுத்தேன். முடிஞ்சிபோச்சி. வந்துட்டேன்."

"எடுத்தா எடுத்ததுதான்யா. திருப்பிக் கொண்டாந்து வெக்கறதுக்கு அது என்ன சாமானா? மாலை போட்டோம், லட்டு சாப்பிட்டே, ஏற்புரைகூடப் பேசினே. இதெல்லாம் மினிட்ஸ்ல ஏறியாச்சு."

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அம்மாவாசை இயக்குநர் அறையில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணசாமி கெட்டவர் இல்லை. கஷ்டப்படுகிற ஆளைக் கண்டால் உடனே குழு போட்டுவிடுவார். இப்போதும் போட்டார். 'டேக்' பொருள் நிர்ணயக் குழு. தலைவர் கிருஷ்ணசாமி, உறுப்பினர் சக்கரபாணி, செயலர் சந்திரகலா. அம்மாவாசை எழுதியது எத்தனையாவது அர்த்தம் என்று அது தீர்மானிக்கும். ஒன்பதாவது அர்த்தமான லீவு என்றால் வேலை உண்டு. இருபத்துமூன்றாவது என்றால் இல்லை.

குழு செவ்வாய்க்கிழமைகளில் கூடும். எந்தச் செவ்வாய் என்று குழுவுக்கே தெரியாது, எப்போது கூப்பிடும் என்றும் தெரியாது. ஆகவே அம்மாவாசை தினமும் வந்து வராந்தா பெஞ்சில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது, அது ஊழியர்களுக்கு. பார்வையாளர் புத்தகத்தில் போட்டார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'டேக்' என்று எழுதினார். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாலும், எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வடிவேலுக்குத் தெரியாததால் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். வடிவேலுக்கு இடுப்பு வலி என்பதால் தண்ணீர் பிடித்து வைத்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று கரும்பலகையையும் அவரிடமே விட்டுவிட்டார்கள். அதாவது, வேலை எல்லாம் இருந்தது. வேலையில் மட்டும் அவர் இல்லை.

வீட்டில் அஞ்சலாட்சி தையல் ஆறிய மூன்றாவது மாதமே வாசலில் இட்லிச் சட்டியை வைத்துவிட்டாள். குனிந்து மாவு ஊற்றும்போது ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொள்வாள். அம்மாவாசை பார்த்தால் கையை எடுத்துவிடுவாள்.

குழு தமிழிலிருந்து ஆரம்பித்தது. 'டேக்' என்றால் எடு. அப்படியானால் எடு என்றால் என்ன? சக்கரபாணி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஊரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பசி எடுக்கிறது. வாந்தி எடுக்கிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். நல்ல பேர் எடுக்கிறார்கள். பெண் எடுக்கிறார்கள்.

"ஒரு வீட்ல பொண்ணு எடுத்தா மூணு நாள் கழிச்சித் திருப்பி விட முடியுமா? லீவும் அப்படித்தானே?" என்று தலைவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான்கு மாதம் போயிற்று.

அடுத்து, புத்தகத்தில் இருபத்துமூன்றாவது அர்த்தத்துக்கு எதிரே சீனத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்ற பிரச்சினை வந்தது. மார்க்கெட் பக்கத்தில் ஒரு சீனாக்காரப் பல் டாக்டர் இருந்தார். முத்திரை போட்ட கடிதம் அனுப்பி நிபுணர் சாட்சியாக வரவழைத்தார்கள். பாவம் மனுஷன், வரி விஷயமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பயந்துபோய் வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா இருந்திருந்தா படிச்சிச் சொல்லியிருப்பாருங்க. நா பொறந்தது கடலூர் ஓல்டு டவுனு. படிச்சது முனிசிபல் ஸ்கூலு. எனக்குத் தமிழுதாங்க எழுதப் படிக்க வரும்."

"சீனாக்காரருக்குச் சீனம் தெரியாதா?" தலைவர் அதிர்ந்துபோனார்.

"தெரியாதுங்க. இப்ப என்னா பிரச்சன? இவரு லீவு கேட்டாரா, வேலய உட்டுட்டுப் போறேன்னாரா, அதானே?" டாக்டர் பெஞ்சைக் காட்டினார். "அவரு அங்கதான குந்தியிருக்காரு. கூப்ட்டுக் கேட்டுட்டாப் போச்சி."

சக்கரபாணி இருமினார். பிறகு தலைவர், சாட்சிக்குப் பொருள் பற்றிய அறிவு போதாது என்று எழுதச் சொன்னார். டாக்டர் வெளியே வந்து, அம்மாவாசையின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து நின்றார். "கடவாப் பல்லா? வாங்க, எடுத்துடலாம். நெறய நாளா வெச்சிட்டிருக்கறீங்க" என்றார். சக்கரபாணி வாசல் வரை ஓடிவந்து, பல் எடுப்பதை நாற்பத்திரண்டாவது அர்த்தமாகக் குறித்துக்கொண்டார்.

பதினோராவது மாதம், 1978 ஜூனில், அஞ்சலாட்சியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். துவைத்து மடித்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நின்றுகொண்டே பேசினாள்.

"உன் புருஷன் எங்கேயாவது கிளம்பும்போது தமிழ்ல என்னம்மா சொல்லுவார்?" என்றார் தலைவர்.

"போயிட்டு வரேம்பாரு."

"போறேன்னு சொல்ல மாட்டாரா?"

"எந்த வூட்லயாவது போறேன்னு சொல்லிட்டுப் போவாங்களாங்க? நீங்க ஒங்க வூட்ல என்னா சொல்லிட்டு வந்தீங்க?"

தலைவர் யோசித்துப் பார்த்தார். அவரும் வரேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். சக்கரபாணிக்கு ஆவேசம் வந்துவிட்டது. "சார்! வரேன்னா 'ஐ கம்'. வரேன்னு சொல்றவன் எப்படி சார் போனவனாவான்?" என்று மேசையைத் தட்டினார். சந்திரகலாவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் தலைவர் கையை உயர்த்தினார். 'கம்' என்பது தனி வினைச்சொல். இந்தக் குழுவின் வரம்பு 'டேக்' மட்டும். வேண்டுமானால் 'கம்' துணைக் குழு ஒன்று போடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாம் என்றார்.

அஞ்சலாட்சி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அய்யா, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதான் விசயம். அத்தச் சொல்லிக் குடுக்கறதுக்குத்தான் ஒங்கள எல்லாம் இங்க குந்த வெச்சிருக்கு. அவருக்குத் தெரியாததுக்கு அவரு வேல போவுதுன்னா, நீங்க சொல்லிக் குடுக்காததுக்கு ஒங்க வேல போவணுமா இல்லியா?"

சாட்சி உணர்ச்சிவசப்பட்டதாகக் குறிப்பு எழுதினார்கள். வெளியே வந்ததும் அவள் பெஞ்சில் அம்மாவாசை பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மறுபடியும் வலிக்குதுங்க. பழைய எடத்துலயே" என்றாள்.

மறுபடியும் கோரிமேடு. மறுபடியும் நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் இருபத்திரண்டு. அது செவ்வாய்க்கிழமை. அதே செவ்வாய் குழுவின் இறுதி அமர்வு என்று சந்திரகலா மூலமாக நோட்டீஸும் வந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர் ஆஜராகாவிட்டால், போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.

"எழுதிக் கேளுங்க, ஒரு நாள்தானே. நானே கொண்டுபோய் வெக்கறேன்" என்றார் சந்திரகலா.

அம்மாவாசை தாளை எடுத்தார். எந்தச் சொல்லை வைத்து எழுதுவது? எழுந்து போய்க் கரும்பலகையைப் பார்த்தார். அவர் கையாலேயே எழுதியதுதான். ஆகஸ்ட் மாத வினைச்சொல் 'லீவ்'. அதைப் புத்தகத்தில் தேடினார். போவது, விடுவது, கைவிடுவது, மிச்சம் வைப்பது, விட்டுவிட்டுச் செத்துப்போவது. இந்தச் சொல்லை வைத்து எதை எழுதினாலும் ஆபத்து என்று தோன்றியது. சக்கரபாணியும் வந்து, "யோசிச்சு எழுதுய்யா. இதுல தப்புப் பண்ணினா பதிமூணு மாசம் நாங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது அஞ்சலாட்சி கோபப்படவில்லை.

"நீங்க அங்கயே இருங்க. ஆளக் காணோம்னு அதையே சாக்கா வெச்சி முடிச்சிடுவானுங்க. கையெழுத்துப் போட எந்தம்பி கன்னியப்பன் வரான்."

"நா கூட இருக்கணுமேடி."

"போன தரம் கூட இருந்தீங்களே, அதுக்கு ஒரு வருசமா என்னா பாடு படறோம். இந்தத் தரம் வேலய வாங்கிக்கினு வாங்க. அது போதும் எனக்கு."

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். கன்னியப்பன் முன்னால் ஏறி இடம் போட்டு வைத்திருந்தான். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். பஸ் போயிற்று. அம்மாவாசை நடந்தே ஆபீஸுக்கு வந்து பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

குழு காலையில் முப்பத்தைந்தாவது அர்த்தத்தில் ஆரம்பித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தெட்டாவதுக்கு வந்தார்கள். மருந்து 'டேக்' செய்வது: தண்ணீரோடு விழுங்கினால் மட்டும்தானா, தடவினாலும் உண்டா? அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து சந்திரகலா வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவாசைக்குத் தெரிந்துவிட்டது.

"கோரிமேட்டுலேருந்து... ஒங்க மச்சான்" என்றார். மேலே வரவில்லை. "உக்காருங்க அம்மாவாசை."

"உக்காந்துதாம்மா இருக்கேன்."

சந்திரகலா சொன்னார். கட்டி பரவியிருந்ததாம். திறந்து பார்த்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லையாம். மயக்கம் தெளியவே இல்லையாம். சொல்லச் சொல்ல சந்திரகலாதான் அழுதார். அம்மாவாசைக்கு அழுகை வரவில்லை. வராததைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது. நடுவில் ஒரு தரம் அவள் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் எதிரே யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

உள்ளே தலைவரும் உறுப்பினரும் எழுந்து இரண்டு நிமிஷம் நின்றார்கள். கிருஷ்ணசாமி உண்மையாகவே வருத்தப்பட்டார். அம்மாவாசையின் தோளில் கை வைத்து, "நீ கிளம்புய்யா. எதுவும் எழுதிக் குடுக்காதே, எழுதினாத்தான் சிக்கல். புத்தகத்துல டைம் மட்டும் போட்டுட்டுப் போ" என்றார். அம்மாவாசை டைம் போட்டார். மூன்று நாற்பத்தைந்து.

மறுநாள் காலை முத்தியால்பேட்டை வீட்டுக்கு ஆபீஸிலிருந்து எல்லோரும் மாலை கொண்டுவந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?" என்று அம்மாவாசையிடம் கேட்டார்.

"பதினோரு மணிக்குங்க."

பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சக்கரபாணி நிமிர்ந்தார். ஒரு கணம் தயங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். மெல்ல சட்டைப்பைக்குள் கையை விட்டு நோட்டை எடுத்து, உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு எழுதினார். அம்மாவாசை அதைப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. எழுதிக்கொள்ளட்டும் என்றிருந்தது. பதினோரு மணிக்கு எடுத்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் குழுவின் அறிக்கை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அம்மாவாசை என்பவர் போன வருஷம் ஜூலை பதினெட்டிலிருந்து இறுதி அமர்வு வரை ஒருநாள் தவறாமல் ஆபீஸுக்கு வந்திருக்கிறார். பார்வையாளர் புத்தகமே சாட்சி. மனைவி இறந்த நாளிலும் வந்திருக்கிறார். மூன்று நாற்பத்தைந்து வரை இருந்திருக்கிறார். இப்படி ஒருபோதும் போகாத ஒருவர் விடைபெற்றிருக்க முடியாது. எனவே அவர் எழுதியது ஒன்பதாவது அர்த்தம். லீவு.

ஹாலில் மறுபடியும் நாற்காலிகள் போட்டார்கள். அம்மாவாசைதான் போட்டார். கிருஷ்ணசாமி ஆர்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இந்த நிர்வாகம் ஒரு சொல்லுக்காகப் பதினாலு மாசம் உழைச்சிருக்கு. வேற எந்த ஆபீஸ்ல ஒரு கடைநிலை ஊழியரோட ஒரு வரியை இவ்வளவு தடவை படிப்பாங்க? அம்மாவாசை இனிமே தற்காலிகம் இல்லை. நிரந்தரம். நாம யாரையும் கைவிட்டதில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் ஆர்டரைக் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, சொந்த மனுஷன் மாதிரி சொன்னார்.

"போன வருஷம் நீ கேட்ட மூணு நாளும் இன்னிக்கு முறைப்படி சாங்ஷன் ஆயிடுச்சு. அது போக உன் கணக்குல நாப்பத்தஞ்சு நாள் லீவு இருக்கு. இங்கிலீஷெல்லாம் வேணாம்யா, வாயால சொன்னாப் போதும். எப்ப எடுத்துக்கறே?"

அம்மாவாசை ஆர்டரைப் பார்த்தார். பெரிய தாள். அடியில் மூன்று கையெழுத்து இருந்தது.

"எடுத்துக்கினு யாருகிட்டங்கய்யா போறது?"

சக்கரபாணி நோட்டைத் தொட்டார், ஆனால் எடுக்கவில்லை. சந்திரகலா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாவாசை ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவர் ஓரம் சாத்த ஆரம்பித்தார்.